கணக்கில் அடித்தளம் இல்லாமல் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: என்னென்ன உதவி கேட்டு வாங்கலாம்?

வைகைக்கரை
வணக்கம். அக்கா மகன் கிரீன் கார்டில் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தேனிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ, வணிகவியல் குரூப். கணக்கு பத்தாவதோடு சரி. ஆகஸ்டில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷ அரசுக் கல்லூரி) சேர்கிறான், சைக்காலஜி எடுக்க ஆசை. முதல் செமஸ்டரிலேயே ஸ்டாடிஸ்டிக்ஸ் எடு என்கிறார்களாம். அடிப்படைக் கணக்கு வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு அதற்குப் போவது நல்லதில்லையா? காலேஜில் என்ன உதவி இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும்?

கணக்குப்பலகை
அடிப்படை வகுப்பைத் தேட வேண்டாம். பல காலேஜ்கள் அதை நிறுத்தியே விட்டன. 2017-இல் வந்த ஏபி 705 என்ற மாநிலச் சட்டப்படி, பாடத்தைத் தொடங்கிய ஒரு வருஷத்துக்குள் டிரான்ஸ்ஃபர் நிலைக் கணக்கை (நாலு வருஷப் பல்கலைக்கழகம் ஏற்கிற பாடம், ஸ்டாடிஸ்டிக்ஸ் அதில் ஒன்று) மாணவர் முடிக்கிற வாய்ப்பைக் காலேஜ் கூடுமானவரை உயர்த்தியாக வேண்டும். இங்கிலீஷுக்கும் இதே விதிதான். 2022-இன் ஏபி 1705 இதை இன்னும் இறுக்கியது.

காரணம் சரியானதுதான். முன்பு அரித்மெடிக்கில் தொடங்கி இண்டர்மீடியட் அல்ஜீப்ரா வரை நாலு படி இருந்தது. ஒவ்வொரு படியிலும் 100-க்கு 70 பேர் தேறுவதாக வைத்துக்கொண்டாலும் நாலையும் தாண்டுவது 24 பேர்தான். தேறியும் அடுத்த வகுப்புக்குப் பதியாமல் நின்றுபோனவர்களும் ஏராளம்.

உங்கள் பையன் கேட்க வேண்டியது "சப்போர்ட்டோடு கூடிய ஸ்டாடிஸ்டிக்ஸ்". கோரெக்விசிட் என்பார்கள். பாடம் 4 யூனிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) என்றால், அதே வாரத்தில் அதே பாடத்துக்குத் தேவையான பின்னம், குறை எண், சூத்திரத்தில் எண்ணைப் பொருத்துவது எல்லாம் சொல்லித்தர 1 அல்லது 2 யூனிட் துணை வகுப்பு. ரெசிடெண்டுக்கு (கலிஃபோர்னியாவிலேயே குடியிருப்பவர்) யூனிட்டுக்கு 46 டாலர். சில இடங்களில் துணை வகுப்பு நான்-கிரெடிட்டாக (பட்டத்துக்கு யூனிட் சேராத வகுப்பு) இருக்கும், அதற்குக் கட்டணமே கிடையாது. இரண்டும் ஒரே ஆசிரியரிடம் அமைகிற செக்‌ஷனைப் பிடியுங்கள். துணை வகுப்பு வேறு ஆசிரியரிடம் போனால், அங்கே நடத்துவதற்கும் இங்கே நடத்துவதற்கும் இரண்டு வாரம் இடைவெளி விழுந்துவிடும்.

இந்திய மார்க் ஷீட்டில் ஜிபிஏ (அமெரிக்கப் பள்ளிகள் தரும் சராசரிப் புள்ளி) இல்லாததால் வழிகாட்டு கேள்வித்தாளை வைத்துத் தானே நிலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இங்கிலீஷில் திணறுவான் என்றால் இஎஸ்எல் (இங்கிலீஷ் தாய்மொழி அல்லாதவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பு) பாதையைக் கேட்கலாம். அதற்குச் சட்டம் மூன்று வருஷம் வரை இடம் தருகிறது.

ஒன்று கவனியுங்கள். 1 யூனிட் என்றால் வாரம் ஏறக்குறைய 3 மணி நேர உழைப்பு, வகுப்பையும் சேர்த்து. 12 யூனிட்டுக்கு 36 மணி நேரம். இதோடு வாரம் 30 மணி நேரம் கடையில் வேலை பார்த்தால் எந்த சப்போர்ட்டும் தாங்காது.

சிவப்பு_மை
ட்யூட்டரிங் பற்றிச் சொல்கிறேன். காலேஜிலேயே இலவசம். பயன்படுத்துகிற முறையில்தான் தப்பு நடக்கிறது. டெஸ்டுக்கு முந்தின நாள் வெறும் கையோடு வந்து "சாப்டர் ஐந்து புரியல" என்றால் அரை மணி நேரத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தானே போட்டுப் பார்த்த கணக்கையும் சிக்கிக்கொண்ட வரியையும் கொண்டு வர வேண்டும்.

ஏன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். மதிப்பெண் 62, சராசரி 70, திட்ட விலக்கம் 4. இசட் மதிப்பு (சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்பது) = (62 − 70) ÷ 4, அதாவது −2. அடைப்புக்குறி போடாமல் கால்குலேட்டரில் தட்டினால் 44.5 வரும், ஏனென்றால் அது முதலில் 70-ஐ 4-ஆல் வகுத்துவிடுகிறது. மாணவர் "ஸ்டாடிஸ்டிக்ஸ் எனக்கு வராது" என்று முடிவு கட்டியிருப்பார். தாளைப் பார்க்கிற ட்யூட்டருக்கு, குறை அடைப்புக்குறியில்தான் என்று அந்த நிமிஷமே தெரியும். ஐந்து நிமிஷத்தில் சரிசெய்கிற விஷயம்.

ஆன்லைன் ஹோம்வொர்க் இன்னொரு பொறி. "எடுத்துக்காட்டைக் காட்டு" பட்டனை அழுத்தி எண்ணை மட்டும் மாற்றிப் போட்டால் ஹோம்வொர்க்கில் 95 வரும், டெஸ்டில் 40. அந்தப் பட்டனைத் தொடாமல் நாளுக்கு நாலு கணக்கு நோட்டில் போடட்டும்.

வகுப்பில் எஸ்ஐ (சப்ளிமெண்டல் இன்ஸ்ட்ரக்ஷன், துணைப் பயிற்சி) தலைவர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். அதே பாடத்தை முன்பு நன்றாக முடித்த மாணவர் வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, வாராவாரம் தனியாகக் குழுப் பயிற்சி நடத்துவார். 1973-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேன்சஸ் சிட்டி வளாகத்தில் தொடங்கிய முறை.

மூன்றாம்_மாடி
ஈஓபிஎஸ்-ஐ யாரும் சொல்லவில்லையே! வசதி குறைந்த, படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கு உதவ 1969 முதல் இருக்கிற மாநிலத் திட்டம். கலிஃபோர்னியா ரெசிடெண்ட், சேரும்போது 12 யூனிட், இதுவரை 70 யூனிட்டுக்குக் கீழ், ப்ராமிஸ் கிராண்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான மாநிலக் கட்டண விலக்கு) ஏ அல்லது பி பிரிவில் தகுதி, அதோடு கல்வியில் பின்தங்கிய நிலைக்கு ஒரு சான்று வேண்டும். கிடைப்பது: தனி கவுன்சிலர், செமஸ்டருக்கு மூன்று சந்திப்பு, புத்தக உதவி, எல்லோருக்கும் முன்பே வகுப்பில் பதியும் உரிமை. அந்தக் கடைசிச் சலுகையால்தான் நல்ல ஆசிரியரின் சப்போர்ட் செக்‌ஷனில் இடம் பிடிக்க முடியும். எஃப்ஏஎஃப்எஸ்ஏ (நிதி உதவிக்கான மத்திய அரசு விண்ணப்பம்) படிவத்தை முதலில் முடியுங்கள். ஈஓபிஎஸ்-இல் இடம் நிரம்பினால் மூடிவிடுவார்கள், ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

செமஸ்டரின் 20 சதவீதம் முடிகிற சென்சஸ் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 16 வார செமஸ்டரில் அது மூன்றாவது வாரத்தை ஒட்டி வரும். முதல் டெஸ்ட் மோசம் என்றால் அதற்குள் கவுன்சிலரைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு பாடத்தை விட்டால் மார்க் பட்டியலில் டபிள்யூ (பாதியில் விலகியதற்கான குறி) விழும், ஒரே பாடத்துக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புதான், டபிள்யூவும் அதில் ஒன்றாகக் கணக்கு.

வைகைக்கரை
ரொம்ப நன்றி. பையன் கூச்ச சுபாவம், போய்க் கேட்க மாட்டான். நானே கவுன்சிலருக்கு போன் பண்ணிப் பேசலாமா?

மூன்றாம்_மாடி
பொதுவான விவரம் கேட்கலாம். அவன் மார்க், வருகை பற்றிப் பேச மாட்டார்கள். மாணவர் விவரங்களைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி காலேஜ் சேர்ந்தபின் அந்த உரிமை மாணவருடையது, அம்மா அப்பாவுக்கே அவன் எழுத்துப்பூர்வமாக அனுமதி தர வேண்டும்.

கூச்சத்துக்கு இப்படிச் செய்யுங்கள். அவனை உட்காரவைத்து மூன்று வரி ஈமெயில் எழுத வையுங்கள்: மாணவர் எண், "பத்தாவதுக்குப் பிறகு கணக்கு படிக்கவில்லை", "சப்போர்ட்டோடு ஸ்டாடிஸ்டிக்ஸ் எந்த செக்‌ஷன், ஈஓபிஎஸ் விண்ணப்பம் எங்கே". முதல் சந்திப்புக்கு அவன் சம்மதித்தால் நீங்களும் கூடப் போகலாம்.