பிடரித் தலைவலிக்கு மேற்கழுத்து கைரோபிராக்டிக்: அம்மாவையும் அழைத்துச் செல்லலாமா?

எழுதியவர்: மல்லிகைப்பந்தல், ஸ்காபரோ

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 53. ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மார்ச், ஏப்ரல் வரிக்காலத்தில் நாளொன்றுக்குப் பத்துப் பதினொரு மணித்தியாலங்கள் கணினியின் முன்னாலேயே கழியும். கடந்த 2 வருடங்களாக எனக்கு ஒரு தலைவலி இருக்கிறது. அது பிடரியின் வலப்பக்கத்தில், மண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் தொடங்கி, காதுக்கு மேலாக ஏறி, வலக்கண்ணுக்குப் பின்னால் வந்து குடியேறிவிடும். காரைப் பின்னோக்கி எடுக்கும்போது வலப்பக்கம் திரும்பிப் பார்க்க முடிவதில்லை. குடும்ப வைத்தியர் இரத்த அழுத்தம், கண் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, இது கழுத்திலிருந்து வருகிற தலைவலி என்று சொல்லி வலிமாத்திரை எழுதித் தந்தார்.

என் தோழி ஒருவர், மேற்கழுத்தை மட்டும் பார்க்கும் ஒரு கைரோபிராக்டரிடம் (முள்ளந்தண்டு எலும்புகளைக் கையால் அழுத்திச் சரிசெய்பவர்) என்னை அனுப்பினார். இவர் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பதில்லை, காதுக்குக் கீழே மெதுவாக அழுத்துவது மட்டும்தான் என்று தோழி சொன்னதால் துணிந்து போனேன். அங்கே மூன்று கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து, படத்தில் கோடுகள் கீறி, என் கழுத்தின் முதல் எலும்பு 2 பாகை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார்கள். மல்லாக்காகப் படுக்கவைத்துக் குதிகால்களைச் சேர்த்துப் பார்த்து, இடக்கால் கட்டையாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்றார்கள். மொத்தம் 24 தடவை வரவேண்டும். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்தினால் தள்ளுபடி உண்டு.

இது பாதுகாப்பானதுதானா, உண்மையில் பலன் தருமா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: அம்மாவுக்கு வயது 74. பல வருடங்களாக முடக்கு வாதத்துக்கு மாத்திரை எடுக்கிறார். அண்மைக்காலமாகத் தனக்கும் பிடரி நோகிறது என்கிறார். மென்மையான சிகிச்சைதானே, குடும்பமாக வந்தால் இன்னும் குறைவு என்றும் சொன்னார்களே என்று, வருகிற வியாழக்கிழமைக்கு இருவருக்குமாக நேரம் பதிந்திருக்கிறேன்.

எழுதியவர்: லொறிக்காரன், பிரம்டன்

அக்கா, நான் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவன் என்பதால் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். ஒருக்களித்துப் படுக்கவேண்டும். தலை ஒரு சிறிய கடினமான தாங்கியில் இருக்கும். அவர் பக்கத்தில் நின்று, எக்ஸ்ரேயில் கணித்த கோணத்துக்கு ஏற்பத் தன் கால்களையும் தோள்களையும் வைத்துக்கொண்டு, மணிக்கட்டின் ஓரத்திலுள்ள சிறிய எலும்பை என் காதுக்குக் கீழே பதித்தார். பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு ஈ வந்து இருந்துவிட்டுப் போன அளவுதான் உணர்ந்தேன். ‘தொடங்கலாமா?’ என்று கேட்பார் என்று காத்திருந்தபோது, ‘முடிந்துவிட்டது, எழும்பலாம்’ என்றார்.

ஆறு கிழமைகளில் என் தலைவலி பாதியாகக் குறைந்தது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அதே மாதத்தில்தான் தலையணையை மாற்றினேன், லொறியில் இருக்கையை உயர்த்தி நிமிர்ந்திருந்து ஓட்டவும் பழகினேன். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நான் 36 தடவைக்குப் பணம் கட்டி, 20 தடவையோடு நிறுத்தினேன். மிச்சப் பணம் இன்றுவரை திரும்பி வரவில்லை. போவதென்றால் ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் கட்டுங்கள்.

எழுதியவர்: திரிகைக்கல், ரொறன்ரோ

மல்லிகை அக்கா, நான் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) 20 வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியின் கடைசி வரிகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வியாழக்கிழமைக்கு முன்னர் தீர்க்கப்படவேண்டியது அதுதான். அம்மாவின் நேரத்தைத் தயவுசெய்து இன்றே இரத்துச் செய்யுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். கழுத்தின் முதல் எலும்பான அட்லஸ் ஒரு வெறும் வளையம். மற்ற முள்ளந்தண்டு எலும்புகளைப் போல அதற்கு உடற்பகுதி கிடையாது. அதற்குக் கீழேயுள்ள இரண்டாவது எலும்பிலிருந்து முளை போன்ற ஒன்று மேல்நோக்கி எழுந்து, அந்த வளையத்தின் முன்பக்கத்துக்குள் நிற்கிறது. திரிகையின் மேற்கல் நடுவிலுள்ள அச்சைச் சுற்றிச் சுழல்வதைப் போல, தலையைத் தாங்கிய வளையம் இந்த முளையைச் சுற்றித் திரும்புகிறது. நாம் இடம் வலம் திரும்பிப் பார்ப்பதில் ஏறக்குறையப் பாதி இந்த ஓரிடத்தில்தான் நடக்கிறது. முளை பின்னோக்கி வந்துவிடாமல் ஒரு குறுக்கு நார் அதைக் கட்டிவைத்திருக்கிறது, அந்த நாருக்குப் பின்னால் முண்ணாண் இறங்குகிறது. முடக்கு வாதம் விரல் மூட்டுகளை அரிப்பதைப் போலவே இந்த மூட்டையும் அரிக்கக்கூடியது. நார் தளர்ந்துவிட்டால், தலையைக் குனியும்போது வளையம் முன்னே சறுக்கி, முளைக்கும் வளையத்துக்கும் இடையே இடைவெளி விழும். வளர்ந்தவர்களுக்கு அந்த இடைவெளி 3 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். தலையை நேராக வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் எல்லாம் ஒழுங்காகவே தெரியலாம்; குனிந்தும் நிமிர்ந்தும் பக்கவாட்டில் எடுத்தால்தான் சறுக்கல் வெளிப்படும். ஆகவே, நீண்ட கால முடக்கு வாதமும் புதிய பிடரி வலியும் சேர்ந்திருக்கும் ஒருவரின் கழுத்தில், அந்தப் படத்தைப் பார்க்காமல் எவரும் கைவைக்கக்கூடாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அம்மாவுக்குச் சட்டைப் பொத்தான் போடச் சிரமமாக இருக்கிறதா, நடை தடுமாறுகிறதா, குனியும்போது முதுகுவழியே மின்சாரம் பாய்ந்ததுபோல இருக்கிறதா என்று கேளுங்கள். இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் குடும்ப வைத்தியரின் நேரத்துக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே அழைத்துச் செல்லுங்கள்.

இனி உங்கள் கழுத்து. நீங்கள் விவரித்த வலி புத்தகத்தில் இருப்பதைப் போலவே இருக்கிறது. கழுத்தின் மேற்பகுதியிலுள்ள மூன்று நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வு தரும் நரம்பும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், பிடரியிலுள்ள நோவை மூளை கண்ணுக்குப் பின்னால் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. எங்களிடம் வந்தால் முதலில் உங்களைப் படுக்கவைத்து, நாடி நெஞ்சைத் தொடும்வரை கழுத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை இரு பக்கமும் திருப்பிப் பார்ப்போம். கழுத்து மடங்கியிருக்கும்போது கீழ் எலும்புகள் பூட்டிக்கொள்ளும் என்பதால், அப்போது கிடைக்கும் திருப்பம் பெரும்பாலும் அந்தத் திரிகை மூட்டினுடையது. வழமையாக 45 பாகையளவு வரும். வலப்பக்கம் மட்டும் மிகக் குறைந்து வலி எழுமானால், கோளாறு எங்கே என்று ஓரளவு தெரிந்துவிடும். இதற்கு எக்ஸ்ரே தேவையில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்கள். மூளைக்குச் செல்லும் இரண்டு குருதிக்குழாய்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக ஏறி, அட்லஸ் எலும்பின் பின்புறமாக வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. கழுத்தை விரைவாகத் திருப்பி முறிக்கும்போது அந்த வளைவில் குழாயின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதம் வரலாம் என்பதுதான் பழைய பயம். நமது ஒன்ராறியோவின் தரவுகளை வைத்தே 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1993 முதல் 2002 வரை இவ்வகைப் பக்கவாதத்துடன் மருத்துவமனையில் சேர்ந்த 818 பேரை ஆராய்ந்தபோது, 45 வயதுக்குட்பட்டவர்களில் கைரோபிராக்டரிடம் முன்னதாகப் போனவர்களுக்குத் தொடர்பு தென்பட்டது. ஆனால் குடும்ப வைத்தியரிடம் போனவர்களுக்கும் அதே தொடர்பு தென்பட்டது. கிழிசல் ஏற்கெனவே தொடங்கி, அந்த வலிக்காகவே பலர் வைத்தியம் தேடிப் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, காரணம் நிறுவப்படவில்லை என்றாலும் தொடர்பு உண்டு, ஆகவே சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு அதைச் சொல்லவேண்டும் என்கிறது. நீங்கள் போன இடத்தில் சொன்னார்களா? தலையைத் திருப்பாமல் மெதுவாக அழுத்தும் முறையில் அந்தக் குழாய் முறுக்கப்படுவதில்லை என்பதால் இந்தப் பயம் பெரிதும் குறைகிறது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். எனினும் இதுவரை அறியாத வகையில் திடீரென்று ஒருபக்கக் கழுத்துவலி வந்து, அதோடு பார்வை இரட்டித்தல், நாக்குக் குழறல், விழுங்கச் சிரமம், நடை சாய்தல், ஒரு கண்ணிமை தொங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால், எந்தச் சிகிச்சை நிலையத்துக்கும் போகாமல் 911ஐ அழையுங்கள்.

எழுதியவர்: பழைய ஏடு, மிசிசாகா

திரிகைக்கல் சொன்னதோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான், ஆனால் அவர் ஒரு விடயத்தில் மிகவும் நாகரிகமாக நடந்துகொள்கிறார். மென்மையாக இருப்பது ஆபத்தைக் குறைக்கும். அதனால் அது மருந்தாகிவிடாது.

இந்தத் துறை 1895இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில், காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்த டி. டி. பாமர் என்பவரால் தொடங்கப்பட்டது. அவர் தன் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளரான ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகெலும்பைத் தள்ளிச் சரிசெய்து, அவர் இழந்த கேட்கும் திறனை மீட்டதாகக் கூறினார். கேள்வி நரம்பு காதிலிருந்து மூளைக்கு மண்டைக்குள்ளேயே போய்விடுகிறது, முதுகுக்கு இறங்குவதே இல்லை. அவருடைய மகன் பி. ஜே. பாமர் 1930களில், உடம்பு முழுவதையும் பார்க்கவேண்டியதில்லை, மேலிருக்கும் இரண்டு எலும்புகளைச் சரிசெய்தால் போதும் என்று அறிவித்தார். இன்றைய மேற்கழுத்து முறைகளின் வேர் அதுதான். கணக்கிட்டு மெதுவாக அழுத்தும் ‘நக்கா’ முறைக்கான சங்கத்தை 1966இல் தொடங்கியவர் மிச்சிகனின் மன்றோவைச் சேர்ந்த ரால்ஃப் கிரெகரி. லொறிக்காரன் டிட்ரோயிட்டிலிருந்து தெற்கே ஓட்டும்போது அந்த ஊரைக் கடந்துதான் போயிருப்பார்.

இவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு, சிக்காகோவில் 50 பேரை வைத்து நடத்தப்பட்டு 2007இல் வெளியானது. அட்லஸைச் சரிசெய்தவர்களுக்கு 8 வாரங்களில் மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 17 அளவு இறங்கியது, சரிசெய்வதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கு 3 அளவு. கவனத்தை ஈர்க்கும் முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது முன்னோட்ட ஆய்வு, அதுவும் இரத்த அழுத்தத்தைப் பற்றியது. உங்கள் தலைவலிக்கு அதில் பதில் இல்லை.

அந்த 2 பாகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்லஸ் எலும்பு பலருக்கு இயற்கையிலேயே இருபுறமும் ஒரே அளவில் அமைவதில்லை. படம் எடுக்கும்போது தலை சற்றே திரும்பியிருந்தாலும் கோணம் மாறிவிடும். இடுப்பைச் சற்றுக் கோணலாக வைத்துப் படுத்தால் கால் ஒன்று கட்டையாகத் தெரியும். கணக்காளரான உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: பாகைக் கணக்கில் எழுதியிருப்பதால் மட்டும் ஓர் எண் சரியாகிவிடாது.

எழுதியவர்: லொறிக்காரன், பிரம்டன்

ஏடு ஐயா, எல்லாம் சரி. ஆனால் மூன்று வருட மாத்திரையில் போகாத என் வலி குறைந்தது பொய்யல்லவே.

எழுதியவர்: திரிகைக்கல், ரொறன்ரோ

பொய்யே அல்ல, தம்பி. கழுத்திலிருந்து வரும் தலைவலிக்குக் கைச்சிகிச்சை உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 200 பேரை வைத்து நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், கையால் மூட்டை அசைத்தவர்களுக்கும், கழுத்தின் ஆழத் தசைகளுக்கும் தோள்பட்டைக்கும் பயிற்சி செய்தவர்களுக்கும் வலி குறைந்து, ஒரு வருடம் கழித்தும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. அங்கே எவரும் 2 பாகையைத் திருத்தவில்லை. சிகிச்சையும் 6 கிழமைகளுக்குள் முடிந்தது. அதனால்தான் 24, 36 என்ற எண்களைக் கேட்டால் எனக்கு நெருடுகிறது. மல்லிகை அக்கா அங்கேயே போக விரும்பினாலும் நான் தடுக்கமாட்டேன். கைரோபிராக்டர்களுக்கு அனுமதி தரும் ஒழுங்குமுறை அமைப்பான ஒன்ராறியோ கைரோபிராக்டர் கல்லூரியின் பதிவேட்டில் அவருடைய பெயரைப் பார்த்துவிட்டு, நாலைந்து தடவையில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போகட்டும். 2004 டிசெம்பரிலிருந்து மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் இதற்குப் பணம் தருவதில்லை, வேலையிடக் காப்புறுதியின் வருட எல்லையும் விரைவில் முடிந்துவிடும்.

எழுதியவர்: மல்லிகைப்பந்தல், ஸ்காபரோ

ஐந்து கிழமைகளுக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும். திரிகைக்கல்லின் பதிலை வாசித்த அன்றே இரண்டு நேரங்களையும் இரத்துச் செய்தேன். அம்மாவிடம் பொத்தானைப் பற்றிக் கேட்டேன். அதெல்லாம் போடுவேன் என்றார், எனக்கு முன்னாலேயே போட்டும் காட்டினார். குடும்ப வைத்தியர் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் படத்துக்கு எழுதித் தந்தார். நேராக எடுத்த படத்தில் 3 மில்லிமீற்றருக்குள் இருந்த இடைவெளி, குனிந்தபோது 6 ஆகத் தெரிந்தது. இப்போது வாதநோய் நிபுணர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி, முள்ளந்தண்டு அறுவை நிபுணர் ஒருவரிடமும் அனுப்பியிருக்கிறார். அறுவைச் சிகிச்சை உடனடியாகத் தேவைப்படாது, ஆனால் தொடர்ந்து கவனிக்கவேண்டும் என்றார். அம்மாவின் கழுத்தை எவரும் அழுத்தவோ திருப்பவோ கூடாது என்று ஒரு தாளில் எழுதியும் தந்தார், அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

நான் ஓர் இயன்மருத்துவரிடம் போகிறேன். திருப்பிப் பார்த்தபோது வலப்பக்கம் 25 பாகையோடு நின்றுவிட்டது. நாலு தடவை போய்விட்டேன். நாடியை உள்ளே இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை அலுவலகத்தில் செய்யும்போது பக்கத்து மேசைக்காரர் சிரிக்கிறார். கண்ணுக்குப் பின்னால் வரும் வலி கிழமைக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. கார் இன்னும் கண்ணாடியைப் பார்த்துத்தான் பின்னே போகிறது.

அம்மாவோடுதான் பாடு. நீண்டநேரம் குனிந்திருக்கக்கூடாது என்று நிபுணர் சொன்னதால், ஊரிலிருந்து கொண்டுவந்த திருவலையை எடுத்து நிலவறையில் வைத்துவிட்டேன். உறைந்த தேங்காய்ப்பூப் பொதியில் வைத்த சொதி சொதியே இல்லை என்று மூன்று நாட்களாக என்னோடு கதைக்கவில்லை. மேசையில் பூட்டி, நிமிர்ந்து நின்று திருவக்கூடிய ஒன்று ஸ்காபரோவில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா?