எக்செல்: 10-க்குக் குறைந்தால் வரிசை முழுக்கச் சிவப்பாக வேண்டும், தப்பான இடத்தில் விழுகிறது

கேள்வி (இருப்புக்கணக்கு)

ஏ முதல் எஃப் வரை இருப்புப் பட்டியல். டி நெடுவரிசையில் எண்ணிக்கை, முதல் வரிசை தலைப்பு. எண்ணிக்கை 10-க்குக் கீழே போனால் அந்த வரிசை முழுக்கச் சிவக்க வேண்டும். ஏ-எஃப் நெடுவரிசைகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் (நிபந்தனைப்படி செல்லுக்கு நிறம் போடும் வசதி) =$டி2<10 என்று கொடுத்தேன். மூன்று சிக்கல்: நிறம் ஒரு வரிசை மேலே விழுகிறது, பட்டியலுக்குக் கீழே காலி வரிசைகளெல்லாம் சிவப்பு, 7 என்று இருக்கும் சில செல்களுக்கு நிறமே இல்லை.

(ஃபார்முலாவைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், ஷீட்டில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.)

பதில் 1 (டாலர்குறி)

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

நெடுவரிசையை முழுதாகத் தேர்ந்தெடுத்தால் தேர்வு 1-ஆம் வரிசையில் தொடங்கும். நீங்கள் கொடுத்த ஃபார்முலா அந்த முதல் செல்லுக்கு உரியதாகவே எக்செல் எடுத்துக்கொள்ளும். ஆக 1-ஆம் வரிசை டி2-ஐப் பார்க்கிறது, 2-ஆம் வரிசை டி3-ஐப் பார்க்கிறது. ஏ2-இல் தொடங்கி, பட்டியலின் கடைசி வரிசை வரை (எஃப்300 என்று வைத்துக்கொள்வோம்) மட்டும் தேர்ந்தெடுங்கள். ஃபார்முலாவில் வரும் எண்ணும் தேர்வின் முதல் வரிசை எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். டி-க்கு முன்னால் இருக்கும் டாலரை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் பி செல் இ-யைப் பார்க்கும், சி செல் எஃப்-ஐப் பார்க்கும், நிறம் திட்டுத்திட்டாக வரும்.

காலி செல்லை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்கிறது, 0 பத்துக்குக் குறைவுதானே. அதனால் செல்லில் எண் இருக்கிறதா என்பதையும் (இஸ்நம்பர்) சேர்த்துச் சோதியுங்கள்:

=அண்ட்(இஸ்நம்பர்($டி2),$டி2<10)

நிறம் வராத 7 எண்ணே இல்லை, எழுத்து. செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், பெரும்பாலும் மூலையில் சின்னப் பச்சை முக்கோணமும் தெரியும். ஒப்பிடும்போது எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது என்பது எக்செல்லின் கணக்கு. "7" பத்தைத் தாண்டிவிடும். ஒரு காலி செல்லில் 1 போட்டு, காப்பி செய்து, டி நெடுவரிசை மேல் பேஸ்ட் ஸ்பெஷல், மல்டிப்ளை கொடுங்கள்.

பதில் 2 (எஃப்2சாவி)

மேலே சொன்னதெல்லாம் சரி, மல்டிப்ளை மட்டும் வேண்டாம். இடையில் காலியாக இருக்கும் செல்களிலும் 0 வந்து உட்காரும். அப்புறம் இஸ்நம்பர் போட்டும் பயனில்லை, அவையும் சிவக்கும். டி நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ், வேறெதையும் தொடாமல் ஃபினிஷ். எழுத்து எண்ணாகும், காலி காலியாகவே இருக்கும். அப்படியும் ஒன்றிரண்டு மாறவில்லை என்றால், இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத இடைவெளி கூடவே வந்திருக்கும். செல்லுக்குள் போய் அந்த ஓர் எழுத்தைக் காப்பி செய்து, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ஒட்டி, பதிலுக்கு எதுவும் போடாமல் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: ரூலை (நிறத்துக்கான இந்த நிபந்தனையை) திருத்தும்போது அம்புக்குறி விசையை அழுத்தினால் கர்சர் நகராது, நடுவில் ஏதோ செல் முகவரி வந்து விழும். முதலில் எஃப்2 அழுத்திவிட்டு நகருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூன்றும் சரியாகிவிட்டன, நன்றி. மேனேஜ் ரூல்ஸ் திறந்தால் ஒரே ரூல் பதினைந்து தடவை இருக்கிறதே?

பதில் 3 (டாலர்குறி)

வரிசைகளை வெட்டி ஒட்டியதால் வந்தது. சாதாரணமாக ஒட்டினால் செல்லோடு ரூலும் சேர்ந்து போகும், "அப்ளைஸ் டு" (ரூல் செல்லுபடியாகும் செல்களின் எல்லை) துண்டுதுண்டாக உடையும். மேலே "திஸ் வொர்க்‌ஷீட்" தேர்ந்தெடுத்து ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதை அழியுங்கள். மிஞ்சியதன் அப்ளைஸ் டு =$ஏ$2:$எஃப்$300 என்று இருக்கட்டும்; ஃபார்முலா இன்னும் $டி2-வையே காட்டுகிறதா என்று ஒரு தடவை திறந்து பாருங்கள், இந்த இடத்தில் அது நழுவுவது சகஜம். இனிமேல் வெட்டாமல் காப்பி செய்து, ஒட்டும்போது பேஸ்ட் வேல்யூஸ் (மதிப்பு மட்டும் ஒட்டும்) கொடுங்கள்; வெட்டினால் அந்த வசதி வராது.

பதில் 4 (எஃப்2சாவி)

பின்னால் 5-க்குக் கீழே அடர்சிவப்பு என்று இன்னொரு ரூல் சேர்த்தால் அதை 10-க்கான ரூலுக்கு மேலே வையுங்கள். இரண்டும் பொருந்தும் செல்லில் மேலே இருப்பதன் நிறம்தான் நிற்கும்.