புதுப்பிப்பு: பிள்ளை பெற்ற பிறகு லூப் எப்போது போடுவது?

பிள்ளை பெற்றதும் வார்ட்டிலேயே லூப் (கரு தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் சிறிய கருவி) போடுவதா, வீட்டுக்கு வந்து பொறுத்துப் போடுவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. 6 வாரம் கழித்து கிளினிக்கில் போடச் சொன்ன அக்காவின் யோசனைதான் சரிவந்தது. போட்டாச்சு, நல்லபடியாக இருக்கிறது.

தேடி வருகிறவர்களுக்கு: பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள் போடுவது நல்லது, பிந்தினால் 48 மணித்தியாலத்துக்குள். சிசேரியன் என்றால் அந்த வெட்டு வழியாகவே வைக்கலாம். ஆனால் கர்ப்பப்பை அப்போது பெரிதாக இருப்பதால், பிறகு போடுவதைவிட லூப் கழன்று விழும் வாய்ப்பு அதிகம். 48 மணித்தியாலம் தாண்டினால் 4 வாரம் முடியும்வரை பொறுக்க வேண்டும். காய்ச்சலோ நாற்றமுள்ள கழிவோ இருந்தால் குணமாகும்வரை போடவே கூடாது.

தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு அடிக்கடி இறங்க முடியாதவர்கள் வார்ட்டிலேயே போட்டுக்கொள்வது மேல் என்பேன். அதை வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி வையுங்கள், வலி வந்த பிறகு யோசிக்க ஏலாது.

எதிர்பாராதது ஒன்று: பிள்ளைக்குப் பால்மாவும் கொடுத்ததால் மறுபடி கரு தங்கியிருக்கிறதா என்று முதலில் சிறுநீர் சோதித்தார்கள். தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் வராமல் இருந்தால்தான் முதல் 6 மாதம் கரு தங்காது என்று நம்பலாம்.

கொழுந்துக்கூடை சுமந்தால் லூப் நகருமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். நகராது. மாதவிடாய்க்குப் பிறகு லூப்பின் நூல் தட்டுப்படுகிறதா என்று விரலால் பாருங்கள். தட்டுப்படாவிட்டால், அல்லது லூப்பின் கெட்டியான முனை தட்டுப்பட்டால், உடனே கிளினிக்குக்குப் போங்கள்.