ஸ்ட்ரெச்சர் தள்ள காசு வாங்குறவங்களுக்கு விருதான்னு கேட்டவருக்கு

ஈரோட்டுப்பொண்ணு:
ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு விருது கொடுக்கணும்ங்கிற பேச்சுக்கு நேத்து இன்னொரு திரியில உண்மைவிளம்பி எழுதியிருந்தாரு, ஜிஎச்ல ஸ்ட்ரெச்சர் தள்ள ஐம்பது ரூபா கேக்குற கூட்டத்துக்கு விருது ஒரு கேடான்னு. படிச்சதுல இருந்து வயிறு எரியுது. எங்கம்மா இடுப்பெலும்பு முறிஞ்சு ஜிஎச் எலும்பு வார்டுல கிடந்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சு அம்மா தண்ணியே குடிக்கல, நாக்கெல்லாம் வறண்டு போச்சு, கேட்டா வேணாம் வேணாம்னு தலையாட்டுறாங்க. பெட்பேன் கேக்க கூச்சப்பட்டுக்கிட்டுதான் குடிக்காம கிடக்காங்கன்னு கண்டுபிடிச்சது டாக்டரும் இல்ல, பெத்த பொண்ணு நானும் இல்ல, அந்த வார்டு ஆயாம்மா. "குடி தாயி, நான் இருக்கேன்ல, எத்தன தடவ வேணா கூப்பிடு"ன்னு சொல்லிட்டு, ராத்திரி அவங்களா வந்து சிஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி மெதுவா ஒருக்களிச்சு படுக்க வச்சு முதுகுக்கு தலையணை அண்டக்கொடுத்துட்டு போவாங்க, படுக்கைப்புண் வந்துரக்கூடாதுன்னு. நர்ஸ்களுக்காவது 1973-ல இருந்து ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது இருக்கு, ஜனாதிபதி கையால தர்றாங்க. ஆயாம்மாவுக்கு என்ன இருக்கு? நோயாளியும் கூட இருக்குறவங்களும் விருதுக்கு பேரு எழுதிக் கொடுக்கணும், அந்த வார்டுலயே எல்லார் முன்னாடியும் கூப்பிட்டு மரியாதை செய்யணும். இதுல என்ன தப்பு?

உண்மைவிளம்பி:
ஒரே கேள்வி. அந்த ஆயாம்மா காசு வாங்கினாங்களா இல்லையா?

ஈரோட்டுப்பொண்ணு:
டிஸ்சார்ஜ் அன்னைக்கு நானா கையில வச்சேன். அவங்க கேக்கல.

உண்மைவிளம்பி:
ஆக வாங்கினாங்க. இவ்வளவு நீளமா எழுதினதுல அதை மட்டும் விட்டுட்டீங்க பாருங்க.

எங்கப்பாவை எக்ஸ்ரேக்கு கொண்டு போகணும். ஸ்ட்ரெச்சர் பக்கத்துல நின்ன ஆளு "ஐம்பது எடுத்து வைங்க"ன்னாரு. சில்லறை இல்லைன்னதும் மாத்திட்டு வாங்கன்னாரு. நான் வெளிய டீக்கடைக்கு ஓடுறேன், அப்பா லிஃப்ட் வாசல்ல ஒரு போர்வை கூட இல்லாம படுத்துக்கிட்டு என் பேரை சொல்லி கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு. திரும்பி வர்ற வரைக்கும் வண்டி ஒரு அடி நகரல. இதையும் உங்க விருது கமிட்டி கேக்கட்டும்.

வார்டு_சிஸ்டர்:
ஸ்ட்ரெச்சர் தள்றவர் வேற, ஆயாம்மா வேற, நர்ஸ் வேற. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான். 2015-ல எம்ஆர்பி, அதான் அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், வச்ச பரீட்சை எழுதி பாஸ் பண்ணி நாங்க வேலைக்கு வந்தது மாசம் 7,700 ரூபாய்க்கு. நிரந்தரம் பண்ணுங்கன்னு 2017-ல சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் (மருத்துவத் துறை இயக்குநரகம்) வளாகத்துல நாங்க போராட்டம்னு உக்காந்தப்ப இங்க விருது பத்தி பேசுற யாரும் வந்து ஒரு பாட்டில் தண்ணி கொடுக்கல. மே 12 நர்ஸ்கள் தினம் ஆனா கேக் வெட்டி கையில மெழுகுவர்த்தி கொடுத்து போட்டோ எடுப்பீங்க. முதல்ல சம்பளம், அப்புறம் சால்வை.

உண்மைவிளம்பி:
சம்பளம் குறைச்சல்னா அரசாங்கத்துகிட்ட கேளுங்க சிஸ்டர். எங்கப்பா கிட்ட எதுக்கு ஐம்பது?

வார்டு_சிஸ்டர்:
நான் வாங்கினேனா? என்னைய ஏன் கேக்குறீங்க?

சிங்கை_மணி:
இங்க சிங்கப்பூர்ல 2003-ல சார்ஸ் தொற்றுநோய் வந்தப்ப கரேஜ் ஃபண்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுக்கு அடுத்த வருஷத்துல இருந்து மனிதநேய விருது கொடுக்குறாங்க, நர்ஸுக்கு மட்டும்னு கிடையாது, மத்த சுகாதார ஊழியர்களுக்கும் உண்டு. நர்ஸ்களுக்கு தனியா 2000-ல இருந்து அதிபர் விருது. ஈரோட்டக்கா கேக்குறது ஒண்ணும் நடக்காத காரியம் இல்ல.

மலைக்கோட்டை_பாஸ்கர்:
வந்துட்டாருப்பா. ரேஷன் கார்டு திரியிலயும் இதேதான், எங்க ஊர்ல அப்படி இப்படின்னு. தலைவா, உங்க ஊர் ஜனத்தொகை எவ்வளவு, எங்க ஓபி வரிசை எவ்வளவு?

சிங்கை_மணி:
ரேஷன் திரியில பதில் சொல்ல முடியாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும் பாஸ்கர். இன்னும் அந்த லிங்க் என்கிட்ட இருக்கு.

மலைக்கோட்டை_பாஸ்கர்:
ஓடல. வேலைக்கு போனேன். எல்லாரும் உங்கள மாதிரி ஆபீஸ் ஏசியில உக்காந்து டைப் பண்றவங்க இல்ல.

காரைக்குடி_வாத்தியார்:
விஷயத்துக்கு வாங்கப்பா. பிரைவேட் ஆஸ்பத்திரியில பில் கவுண்டர் பக்கத்துல மாசாமாசம் ஒரு போட்டோ மாட்டுறான், சிறந்த ஊழியர்னு. யாரு தேர்ந்தெடுத்தது? மேனேஜர். லீவு போடாதவன், எதிர்த்துப் பேசாதவன் போட்டோதான் அங்க தொங்கும். நோயாளிகிட்ட ஒரு வார்த்தை கேக்குறது இல்ல. அமெரிக்காவுல டெய்சி விருது வந்த கதை வேற மாதிரி. பேட்ரிக் பார்ன்ஸ்னு 33 வயசு பையன் 1999-ல இறந்துட்டான், கடைசி நாள்ல அவனை பார்த்துக்கிட்ட நர்ஸ்களுக்கு நன்றி சொல்லணும்னு அந்தக் குடும்பமே ஆரம்பிச்சது. நோயாளியும் அவங்க வீட்டு ஆளுங்களும் என்ன நடந்துச்சுன்னு எழுதிக் கொடுப்பாங்க. அந்த எழுத்துதான் ஐயா விருது, சால்வை இல்ல.

உண்மைவிளம்பி:
அங்க லிஃப்ட் வாசல்ல நிறுத்தி காசு கேப்பாங்களா வாத்தியாரே? இல்லல்ல? அப்ப ஒப்பிடாதீங்க. ஐம்பது ரூபா பத்தி இன்னும் ஒருத்தர் கூட பதில் சொல்லல, சிங்கப்பூர் போறீங்க, அமெரிக்கா போறீங்க, நம்மூரு லிஃப்ட் வாசலுக்கு மட்டும் வர மாட்டேங்குறீங்க.

ஈரோட்டுப்பொண்ணு:
நீங்க சொன்ன ஆளு மேல புகார் கொடுத்தீங்களா? ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பாக்குற டாக்டர், ஆர்எம்ஓ, அவரு ரூம் அதே கட்டடத்துலதான் இருக்கும். கேட்டது ஒரு ஆளு, திட்டு வாங்குறது என் அம்மாவுக்கு பெட்பேன் எடுத்த பொம்பள. இது எந்த ஊர் நியாயம்?

உண்மைவிளம்பி:
அப்பாவை விட்டுட்டு புகார் எழுத போகணுமா? பேச வந்துட்டீங்க. கேட்டு வாங்கினாலும் கேக்காம வாங்கினாலும் அரசு ஆஸ்பத்திரியில நோயாளி காசு நோயாளி காசுதான். வாங்குன கைக்கு விருது கிடையாது. அவ்வளவுதான்.

மலைக்கோட்டை_பாஸ்கர்:
உண்மைவிளம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா காயகல்ப்னு 2015-ல இருந்தே விருது இருக்கே, சுத்தமா வச்சிருக்குற ஆஸ்பத்திரிக்கு பணம் வருது, அதுல கால் பங்கு ஊழியர்களுக்குன்னு விதி. புதுசா எதுக்கு இன்னொண்ணு?

வார்டு_சிஸ்டர்:
அது ஆஸ்பத்திரிக்கு கொடுக்குறது பாஸ்கர். ராத்திரி யாரு எழுந்து போனாங்கன்னு அதுல எங்க வருது? ஈரோட்டு அக்கா, உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நீங்க டீனுக்கு எழுதிக் கொடுத்தாலும் அந்த ஆயாம்மா டீனோட ஆளு இல்ல, காண்ட்ராக்ட் கம்பெனி ஆளு. காண்ட்ராக்ட் மாறினா புதுசா வர்றவன் வச்சா உண்டு, இல்லைன்னா வீட்டுக்கு. அங்க சர்டிஃபிகேட் எல்லாம் பேசாது.

ஈரோட்டுப்பொண்ணு:
பேசாதுன்னு எழுதாம இருக்க முடியாது. வார்டு நம்பர், தேதி, அவங்க செஞ்சது எல்லாம் போட்டு டீனுக்கு ஒண்ணு, கம்பெனி சூப்பர்வைசருக்கு ஒண்ணு எழுதிட்டேன். நாளைக்கு போய் கொடுக்கப் போறேன்.

உண்மைவிளம்பி:
காசு கொடுத்ததையும் எழுதினீங்களா?

சிங்கை_மணி:
உங்களுக்கு வேற டயலாக்கே கிடையாதா?

உண்மைவிளம்பி:
டாலர்ல சம்பளம் வாங்குறவருக்கு ஐம்பது ரூபா டயலாக்காதான் தெரியும்.

மலைக்கோட்டை_பாஸ்கர்:
அந்த ரேஷன் திரி லிங்க் இருக்குன்னீங்களே மணி, போடுங்க பாப்போம். யாரு ஓடினதுன்னு இப்பவே தெரிஞ்சுக்கலாம்.