மெடிக்கலில் காண்டம் கேட்ட அனுபவம் உண்டா?

கடைசிபெஞ்ச்:
மதுரை, கடைசி வருடம். கூட்டம் கலையட்டும் என்று ஒரு விக்ஸ் டப்பா, ரெண்டு ஓஆர்எஸ் வாங்கினேன். அப்புறம் கேட்டேவிட்டேன். அண்ணாச்சி பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, முடிச்சும் போட்டார். நீட்டும்போது அவர் பார்வை என் நெஞ்சில் நின்றது. காலேஜ் ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. "தம்பிக்கு எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு?" காசை வைத்துவிட்டுக் கவரை எடுக்காமலே ஓடி வந்துவிட்டேன். விக்ஸ் மட்டும் மிச்சம்.

மழைத்தவளை:
கவர்தானே போனது! காண்டம் கிழிந்த மறுநாள், கரு தங்காமலிருக்க 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மாத்திரைக்காகச் சென்னையில் அலைந்தவள் நான். சீட்டே தேவையில்லாத மாத்திரை. ரெண்டு கடையில் "அதெல்லாம் வைக்கிறதில்லம்மா". மூன்றாவதில் அக்கா பதிலே சொல்லவில்லை, எட்டி என் கால் விரலைப் பார்த்தார். மெட்டி இருக்கிறதா என்று. கடைசியில் தோழி பெங்களூரிலிருந்து இரவு பஸ்ஸில் கொண்டுவந்தாள். அதுவரை மணி எண்ணியது எனக்குத்தான் தெரியும்.

ஹாஸ்டல்வாசி:
ஆன்லைனில் வாங்கச் சொல்லாதீர்கள். எங்கள் வாட்ச்மேன் பார்சலைக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

பழையமாணவன்:
கடைசிபெஞ்ச், கார்டைக் கழற்றாமல் போனது உங்கள் தப்பு. இதற்கெல்லாம் ஏன் வெட்கம்? 1968-ல் அரசாங்கக் காண்டம் நிரோத் வந்தபோது மூன்றும் சேர்த்து 15 பைசா. டீத்தூள், சோப்பு கம்பெனிக்காரர்களே கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்டார்கள். நானும் ஒருமுறை பெட்டிக்கடையில் கேட்டு அசடு வழிந்திருக்கிறேன், அது வேறு கதை. அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் கேளுங்கள், இலவசம். சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் போடுங்கள், அதற்கும் காசில்லை. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் நைந்து கிழியும். மழைத்தவளைக்கும் அதுதான் நடந்திருக்கும். கவரில் தேதி பாருங்கள். மணிபர்ஸில் வைக்காதீர்கள், சூட்டிலும் உரசலிலும் வீணாகிவிடும்.

மழைத்தவளை:
எண்ணெயும் இல்லை, ஒன்றும் இல்லை. கடைக்காரர் ஏன் காலைப் பார்த்தார் என்பதற்கு உங்களிடம் பதில் உண்டா சார்?

ஹாஸ்டல்வாசி:
ஒரு நிமிஷம். பர்ஸில் வைக்கக் கூடாதா? என்னுடையது ஃபர்ஸ்ட் இயரிலிருந்து அங்கேதான் இருக்கிறது.