பிச்சாட்டூர் அணைக்குக் கீழே வீடு கட்டப் போகிறோம். அன்னமய்யா அணை எப்படி உடைந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல முடியுமா?

சுருட்டப்பள்ளி மரகதம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆரணியாற்றங்கரையில், பள்ளிகொண்டீஸ்வரர் கோயிலுக்குக் கீழ்ப்புறம் எங்களுக்கு நான்கு சென்ட் மனை இருக்கிறது. மாமனார் வாங்கிப் போட்டது. தை பிறந்ததும் கடைக்கால் எடுக்கலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஆற்றுக்கு மேலே பிச்சாட்டூர் அணை. அங்கே உபரிநீரைத் திறந்தாலே இங்கே ஆறு இரு கரையும் தொட்டு ஓடும். ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் பலமுறை மூழ்கியிருக்கிறது. திறந்துவிட்ட தண்ணீருக்கே இந்தக் கதி என்றால், அணையே உடைந்தால் என்ன ஆகும்?

எனக்குப் பயந்த சுபாவம் என்று வீட்டில் சொல்கிறார்கள். என் பயத்துக்குக் காரணம் என் தங்கை. அவளைக் கடப்பைப் பக்கம், அன்னமய்யா அணைக்குக் கீழே செய்யேறு ஆற்றங்கரையில் இருக்கும் நந்தலூரில் கொடுத்திருக்கிறோம். 2021 நவம்பர் 19, அந்த அணை உடைந்த நாள். எங்களுக்கு அன்று திருக்கார்த்திகை, அவர்களுக்குக் கார்த்திகைப் பௌர்ணமி. விடிவதற்கு முன்பே தலைக்குக் குளித்துவிட்டு, அவர்கள் வழக்கப்படி முந்நூற்று அறுபத்தைந்து திரிகளை நெய்யில் ஊறவைத்து, சிவன் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, செய்யேறு வீட்டுக்குள் வந்துவிட்டது" என்றாள். அவ்வளவுதான், தொடர்பு அறுந்தது. இரண்டு நாள் அவள் இருக்கிறாளா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

எதிர்வீட்டு மாடிப்படி தெருப்பக்கம் இருந்ததால் பிழைத்தாள். இரண்டு எருமைகள் போயின. நெற்குதிர் முழுக்கச் சேறு. இன்றைக்கும் ரேஷன் அட்டையையும் பட்டாவையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி விட்டத்தில் கட்டித்தான் வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் புலபத்தூர், மந்தப்பள்ளி, தொகூருபேட்டை ஊர்களில் வீடுகள் இருந்த இடத்தில் மணல்தான் மிச்சம். விளக்கேற்றக் கோயிலுக்குப் போனவர்களையே ஆறு கொண்டுபோனது.

"பெருமழை, விதி" என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அணை ஏன் உடைந்தது? மழை மட்டும்தான் காரணமா? ஓர் அணைக்குக் கீழே குடியிருப்பவள் எதைக் கவனிக்க வேண்டும்?

---

ஓய்வுபெற்ற லஸ்கர், நகரி எழுதியது:

மரகதம் அம்மா, நான் முப்பத்தோரு வருடம் அணைகளிலும் ஏரிகளிலும் ஷட்டர் ஏற்றி இறக்கிய லஸ்கர். பொறியாளன் அல்லன். கைக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அன்னமய்யா. பிஞ்சா ஆறும் பாகுதா ஆறும் சேர்ந்துதான் செய்யேறு. அது பெண்ணையாற்றில் போய்ச் சேர்கிறது. இங்கே பெண்ணை என்றால் நெல்லூருக்குப் போகும் வட பெண்ணை, கடலூர்ப் பக்கத்துத் தென்பெண்ணை அன்று. ராஜம்பேட்டைக்கு அருகே செய்யேற்றின் குறுக்கே கட்டியது அன்னமய்யா அணை. கொள்ளளவு 2.24 டி.எம்.சி. பெரிய அணை இல்லை. அந்த நவம்பரில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரை கடந்தது. திருமலையிலும் சேஷாசலம் மலைகளிலும் வானம் பொத்துக்கொண்டது. மேலே இருக்கும் பிஞ்சா அணையில் முதலில் உடைப்பு. அந்தத் தண்ணீரும் மழைத்தண்ணீரும் ஒன்றாக இறங்கின. அன்னமய்யா வெளியேற்றக்கூடியது விநாடிக்கு ஏறத்தாழ 2.17 லட்சம் கன அடி. வந்தது 3 லட்சத்துக்கும் மேல். விடியற்காலையில் தண்ணீர் கரைமேல் ஏறியது; மண் கரை கரைந்துபோனது.

"கரைந்தது" என்று தெரிந்துதான் சொல்கிறேன். கல் கட்டுமானத்தின் மேல் தண்ணீர் வழிந்தால் ஓரளவு தாங்கும். மண் கரையின் தலைமேல் ஒரு சாண் தண்ணீர் ஏறினால் போதும், வெளிச்சரிவில் மண்ணை அறுத்துக்கொண்டே இறங்கும். வாய்க்கால் அளவுக்கு வாய் பிளக்கும்; அப்புறம் தெரு அளவுக்கு. அதன்பின் மனிதன் செய்ய ஒன்றுமில்லை. அதனால்தான் மண் கரை அணைக்கு ஷட்டர்தான் உயிர். தண்ணீர் தலையைத் தொடுவதற்கு முன் கீழே அனுப்பியாக வேண்டும்.

இனி அந்த ஷட்டர் கதைக்கு வருகிறேன். அன்னமய்யாவில் ஐந்து ஷட்டர்கள். அவற்றில் ஒன்று இயங்கவில்லை என்று அன்றைய மத்திய ஜல்சக்தி அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத் 2021 டிசம்பரில் மாநிலங்களவையிலேயே சொன்னார். வெள்ளம் அணையின் திறனை மிஞ்சி வந்தது என்பது மாநில அரசின் விளக்கம். எனக்கு இரண்டும் உண்மையாகவே படுகின்றன. மிஞ்சி வந்த வெள்ளத்துக்கு எதிரே ஒரு கதவு மூடிக் கிடந்தது.

நம் தமிழ்நாட்டிலேயே 1977-இல் குடகனாறு அணை உடைந்தது. வேடசந்தூர்ப் பக்கம், அப்போதுதான் கட்டி முடித்த அணை. ஐந்து ஷட்டர்கள். வெள்ளம் வந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. ஷட்டர்கள் பாதிதான் ஏறியிருந்தன. ஜெனரேட்டரை ஓட்டியும் பயன்படவில்லை. கையால் சுற்றிப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரைமேல் ஏறிவிட்டது. இரண்டே வருடம் கழித்து, 1979 ஆகஸ்ட் 11 அன்று, குஜராத்தில் மச்சு இரண்டாம் அணை உடைந்து மோர்பி நகரமே மூழ்கியது. அங்கே பதினெட்டு ஷட்டர்களில் மூன்று திறக்கவில்லை. இறந்தவர்கள் 1,800 என்பவர்களும் உண்டு, 25,000 என்பவர்களும் உண்டு. எண்ணிக்கையில் இவ்வளவு இடைவெளி இருக்கும் அளவுக்கு ஆட்கள் அடையாளமே இல்லாமல் போனார்கள்.

இந்த மூன்றையும் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. காரணம், நானே ஒரு முறை அப்படிச் சிக்கிக்கொண்டேன். எந்த அணை என்று சொல்ல வேண்டாம். ஐப்பசி மழை, நள்ளிரவு, மின்சாரம் இல்லை. மூன்றாம் ஷட்டரின் கைப்பிடியை மாட்டிச் சுற்றுகிறோம், அசையவே இல்லை. கோடை முழுவதும் அதை ஒரு முறைகூட ஏற்றி இறக்கவில்லை. பல்சக்கரத்தில் கிரீஸ் காய்ந்து கல்லாகிவிட்டது. பக்கவாட்டில் சேறு கட்டியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய துணியைக் கொளுத்திச் சூடு காட்டி, மூன்று பேர் மாறி மாறிச் சுற்றினோம். நூறு சுற்றுக்கு நாலு விரற்கடைதான் ஏறும். உள்ளங்கைத் தோல் உரிந்தது. விடியும்போது கரைத் தலைக்கு ஒன்றரை அடி மிச்சம். அந்த ஒன்றரை அடிக்குக் கீழே ஆறு ஊர்கள் தூங்கிக்கொண்டிருந்தன. இன்றுவரை அந்த ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: மழைக்காலத்தில் அணையைப் பார்க்காதீர்கள், சித்திரையில் போய்ப் பாருங்கள். ஷட்டரை ஏற்றி இறக்கிச் சோதிக்கிறார்களா? இரும்புக் கம்பிவடத்தில் புது கிரீஸ் மினுமினுக்கிறதா, துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் இருக்கிறதா? கரையில் வேலமரம் வளர்ந்திருக்கிறதா? வேர் அழுகினால் அதுவே தண்ணீருக்கு வழி. கரையடியில் கசிவு இருந்தால் அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் அவ்வளவு கவலை இல்லை. கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

---

நீரியல் மாணவன், திருப்பதி எழுதியது:

லஸ்கர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் ஷட்டர்மேல் இவ்வளவு பழி போடுவது சரியில்லை என்று நினைக்கிறேன். மச்சு அணையை 2 லட்சம் கன அடி வெள்ளத்துக்குக் கணக்கிட்டுக் கட்டினார்கள். வந்தது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த மூன்று ஷட்டர்களும் திறந்திருந்தாலும் அணை போயிருக்கும். அன்னமய்யாவிலும் ஐந்தாவது ஷட்டர் பெரிதாக எதையும் மாற்றியிருக்காது. உண்மையான குற்றம் கணக்கில் இருக்கிறது. பழைய மழை அளவுகளை வைத்து வடிவமைத்த அணைகள் இன்றைய மழைக்குப் போதாது. கலிங்கை, அதாவது உபரிநீர் வெளியேறும் வாயை, அகலப்படுத்துவதுதான் தீர்வு.

---

ஓய்வுபெற்ற லஸ்கர், நகரி எழுதியது:

தம்பி, கணக்கு நீங்கள் சொல்வதுதான். கலிங்கை அகலப்படுத்த வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அணை போயிருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். எப்போது போயிருக்கும்?

1961-இல் புணே நகருக்கு மேலே பான்ஷேத் அணை உடைந்ததைப் படித்திருப்பீர்கள். கட்டிக்கொண்டிருந்த மண் அணை, முதல் மழைக்காலம். இரவெல்லாம் ராணுவ வீரர்கள் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். அணையைக் காப்பாற்ற முடியவில்லை. ஜூலை 12 காலையில் உடைந்தது. கீழே இருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு போனது. நகரத்தில் பாதி பாழானது. ஆனால் தண்ணீர் வந்தபோது பகல். ஜனங்களுக்குக் கண் தெரிந்தது, மேட்டைப் பார்த்து ஓடினார்கள். அதே தண்ணீர் நள்ளிரவில் வந்திருந்தால் எத்தனை பேர் படுக்கையிலேயே போயிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மூட்டைகள் வாங்கிக் கொடுத்தது சில மணி நேரம்.

ஷட்டரும் அதைத்தான் வாங்கிக் கொடுக்கும். மரகதம் அம்மாவின் தங்கை ஊரில் இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் கோயிலுக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள். நந்தலூர்ப் பக்கம் பஸ் கூரையில் ஏறி நின்றவர்கள் அந்தச் சாலைக்கே வந்திருக்க மாட்டார்கள். பஸ்ஸை முன்பே நிறுத்தியிருப்பார்கள். ஒரு மணி நேரம் என்பது உங்கள் கணக்கில் சிறிய எண். கைப்பிடி சுற்றியவனுக்கு அது அப்படி இல்லை.

---

பள்ளிப்பட்டு நெசவாளர் எழுதியது:

மரகதம் அக்கா, நீங்கள் ஆந்திரா, நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம், திருவள்ளூர் மாவட்டம். எங்களுக்கு மேலே கிருஷ்ணாபுரம் அணை, ஆந்திராவில். அங்கே திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வந்து நெடியம், சாமந்தவாடா தரைப்பாலங்கள் மூழ்கும். எங்கள் ஊரில் தறிக்குழி உள்ள வீடுகளில் முதலில் குழிதான் நிரம்பும். தறியில் பூட்டிய பாவு நூல் நனைந்தால் ஒரு மாதக் கூலி போச்சு.

அணை உடைவதைப் பற்றி லஸ்கர் ஐயா சொல்லிவிட்டார். செய்தி வந்து சேரும் வழியைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். தண்ணீர் எல்லையில் நிற்பதில்லை, செய்தி நிற்கிறது. அங்கே உள்ளவர்கள் தங்கள் மேலதிகாரிக்குச் சொல்லி, அவர் இந்த மாநிலத்துக்குச் சொல்லி, பிறகு எங்கள் ஊருக்கு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வரும். ஒரு முறை ஆட்டோ வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அதனால் நாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அந்த அணை இருக்கும் கார்வேட்டிநகரம் பக்கம் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் எங்கள் தெருவில் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். அணையில் தண்ணீர் திறந்தால் சம்பந்தி வீட்டிலிருந்து முதலில் அழைப்பு வரும். உடனே பாவைச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிடுவோம். உங்களுக்கும் பிச்சாட்டூரில் யாராவது உறவு இருப்பார்களே?

இன்னொன்று. அன்னமய்யா உடைந்த அடுத்த மாதமே அணைப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் அணையைச் சோதிக்க வேண்டும், அவசரகாலத் திட்டம் ஒன்று தயாரித்து வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. உங்கள் அணைக்கு அந்தத் திட்டம் இருக்கிறதா, அதில் உங்கள் தெரு வருகிறதா என்று எழுதிக் கேளுங்கள். தெலுங்கில் எழுதுங்கள், சீக்கிரம் பதில் வரும்.

---

சுருட்டப்பள்ளி மரகதம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. லஸ்கர் ஐயா, உங்கள் ஒன்றரை அடியை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். மாமனார் எதுவும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்துபோய் மனைப் பத்திரத்தை எடுத்துவந்து, எல்லைக் கல் ஆற்றிலிருந்து எத்தனை அடி என்று பார்த்தார்.

நேற்றுக் கோயில் வாசலில் பூ விற்கும் பாட்டியிடம், ஆற்றுத் தண்ணீர் இதுவரை எங்கே வந்திருக்கிறது என்று கேட்டேன். படித்துறைப் பக்கம் அழைத்துப்போய் ஒரு படியைக் காலால் தொட்டுக் காட்டினார்கள். அந்தப் படி எங்கள் மனையை விட இரண்டு முழம் உயரம்.

பிச்சாட்டூரில் என் சித்தப்பா மகன் டீக்கடை வைத்திருக்கிறான். பள்ளிப்பட்டுத் தம்பி சொன்னதுபோல் அவனிடம் பேசிவிட்டேன். மடல் தெலுங்கில்தான் எழுதியிருக்கிறேன். என் மகள் பிழை திருத்தினாள்.

மனையை விற்க இவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். மூன்று அடி மண் கொட்டி மேடாக்கிவிட்டுத்தான் கடைக்கால் எடுக்க வேண்டும் என்பதற்கு ஒப்புக்கொண்டார்கள். மேஸ்திரி மாடிப்படியை வீட்டுக்குள்ளே வரைந்து வைத்திருந்தார். அதை மட்டும் நானே மாற்றச் சொல்லிவிட்டேன். படி வெளியே, தெருவைப் பார்த்து வரும். அதற்குக் கதவு கிடையாது. திருடன் ஏறிவிடுவான் என்று என் கணவர் சொல்கிறார். எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள், மாடி ஒன்றுக்கும் இல்லை.