சிவாலய ஓட்டத்தின்போது வானத்தில் பார்த்தவை எவை?

கேள்வி: மேல்புறத்தான்
இந்த வருடம்தான் முதன்முறையாகச் சிவாலய ஓட்டம் ஓடினேன், அதாவது சிவராத்திரியை ஒட்டி குமரி மாவட்டத்துப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் ஓடிப்போகும் ஓட்டம். பிப்ரவரி 14 இரவு 9 மணி இருக்கும். திற்பரப்பு முடித்து நந்திக்கரைக்குப் போகும் வழியில், ரப்பர் மரம் வெட்டிய ஒரு வெளியில் கால்வலி தாங்காமல், ஓடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் விசிறியோடு உட்கார்ந்துவிட்டேன். அண்ணாந்து பார்த்தால் கிட்டத்தட்ட உச்சியில் பெரிதாக ஒன்று, கண்சிமிட்டாமல் நிற்கிறது. தெற்கே மரத்தலைக்கு மேலே வெள்ளையாக இன்னொன்று. அப்புறம் அதிகாலை 3 மணிக்கு, கல்குளம் தாண்டிய வயல்வெளியில், தெற்கே நான்கு நட்சத்திரங்கள் சிலுவைபோல் நிமிர்ந்து நின்றன. இவற்றில் எது கிரகம்?

பதில்: முட்டத்துக்காரி
தம்பி, உச்சியில் நின்றது வியாழன். 2026 ஜனவரி 10 அன்று சூரியனுக்கு நேரெதிரே வந்தது, அதனால்தான் இன்னும் அவ்வளவு பிரகாசம். நட்சத்திரம் நம் கண்ணுக்கு வெறும் புள்ளி, காற்று அசைந்தால் அதன் ஒளி துடிக்கும். கிரகம் குட்டி வட்டம், ஓரிடத்து ஒளி குறைந்தாலும் இன்னோரிடம் சரிக்கட்டிவிடும்.

தெற்கே பார்த்தது அகத்தியர் நட்சத்திரம். நமக்கு அது கை நீட்டிப் பிடித்த மூன்று முஷ்டி உயரம் எழும்பும். டெல்லியில் ஒரு முஷ்டிகூட வராது! பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கில் பிறந்த நமக்குத் தெற்கு வானம் சொத்து. அந்தச் சிலுவையைத்தான் திரிசங்கு என்கிறோம். என் தாத்தா அதைக் குருசு என்பார். வள்ளத்தில் இரவெல்லாம் கிடக்கும்போது அது நேராக நிமிர்ந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ‘தெக்கு இங்க’ என்று துடுப்பால் காட்டுவாராம். அதைப் பார்க்க 3 மணிக்கு எழ வேண்டாம். சித்திரை கடைசியில் இரவு ஒன்பதரைக்கே நிமிர்ந்து நிற்கும். மழை மேகம் கூடுவதற்குள் பார்த்துவிடுங்கள்.

பதில்: பூதப்பாண்டி வாத்தியார்
எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் கண்ணில் பட்டதே இல்லை. 8 டிகிரி உயரம்தான், வடக்கே மலை மறைத்துவிடுகிறது. பிள்ளைகளுக்குக் காட்ட எங்கே போவது?

பதில்: முட்டத்துக்காரி
சார், மலையை விட்டுத் தெற்கே தள்ளி, வடக்கில் வெளிச்சமில்லாத வயலோரம் போங்கள். மங்கலாகத்தான் தெரியும், பிள்ளைகளைப் பொறுமையாக நிற்கச் சொல்லுங்கள்.

தம்பி, வியாழக்கிழமை 19-ஆம் தேதி மாலை முட்டம் வரமுடியுமா? சூரியன் கடலில் இறங்கிய அரைமணிக்குள் மேற்கே தாழ்வாக வெள்ளி, அதற்கு மேலே புதன், இன்னும் மேலே பிறையும் சனியும். அந்த மாலைதான் புதன் கிரகம் வானத்தில் சூரியனிடமிருந்து அதிகம் விலகி நிற்கிறது. எனக்கு அதைப் பிடிக்கப் பல மாலைகள் ஆகின. ஒரு விரல்கிடை மேகம் போதும், போச்சு.

பதில்: மேல்புறத்தான்
வருகிறேன் அக்கா. கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது, பஸ்ஸில் வந்துவிடுகிறேன். பாறைமேல் நிற்பதா, மணலிலா?

பதில்: முட்டத்துக்காரி
மணலில் நில்லுங்கள் தம்பி. இருட்டிய பிறகு பாறை வழுக்கும்.